நேற்றைய வரலாறு ஏன் கடினம்? முதுகலையில் நவீன, சமகால வரலாற்றைப் படிப்பது குறித்து

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 'சுதேசிப் பத்திரிகை அறிக்கைகள்' என்றொரு தொடர் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் தமிழிலும் தெலுங்கிலும் பிற இந்திய மொழிகளிலும் வெளியான பத்திரிகைகளை அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள் படித்து, அதிகாரிகள் அறிந்திருக்க வேண்டும் என்று தாங்கள் கருதிய பகுதிகளை மட்டும் ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பிவந்தார்கள். அந்தச் சுருக்கங்களின் தொகுப்புதான் இது. அந்தப் பத்திரிகைகளில் பலவற்றின் மூல இதழ்கள் இன்று கிடைப்பதில்லை. ஆகவே நூறாண்டுகளுக்கு முன் ஒருவர் தமிழில் எழுதிய தலையங்கத்தை, இன்று தமிழில் ஆய்வேடு எழுதும் மாணவர், நான்கு வரி ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து மறுபடியும் தமிழாக்கி மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது. ஆசிரியரின் சொல் போய்விட்டது, அதிலிருந்த கிண்டலும் போய்விட்டது. அரசாங்கத்தை எது உறுத்தியது என்பது மட்டும் எஞ்சியிருக்கிறது.

இளங்கலை மாணவர் இந்த அறிக்கையைக் கையில் எடுத்தால், '1908இல் இந்தப் பத்திரிகை இப்படி எழுதியது' என்று குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அதில் பெரிய குற்றமும் இல்லை. முதுகலை மாணவர் அங்கேயே நின்றாக வேண்டும். அந்த வாரம் வந்த அத்தனை எழுத்துகளில் இந்த ஒன்றை மட்டும் மொழிபெயர்ப்பாளர் எடுத்தது ஏன், சுருக்கியபோது எது நழுவியது, மேலதிகாரி படிப்பார் என்ற எண்ணம் அவர் கையை எப்படி இயக்கியிருக்கும் என்று கேட்க வேண்டும். கேட்டால், கையிலிருப்பது பத்திரிகையின் வரலாற்றுக்குச் சான்றா, அரசாங்கத்தின் அச்சத்துக்குச் சான்றா என்ற ஐயம் எழும். அந்த ஐயத்தோடு வேலை செய்யப் பழகுவதுதான் முதுகலை வரலாற்றுப் படிப்பின் பெரும்பகுதி. நிகழ்ச்சிகளின் பட்டியல் அங்கே கூடுவதில்லை. ஒரு நிகழ்ச்சி நமக்குத் தெரியவந்த வழி எது என்ற விசாரணைதான் கூடுகிறது.

நவீன வரலாற்றை விருப்பப் பாடமாக எடுப்பவர்களில் பலர் அது எளிது என்று எண்ணி எடுக்கிறார்கள். கல்வெட்டு எழுத்து கற்க வேண்டாம், பாரசீகம் வேண்டாம், நாணயங்களின் எடையைப் பார்க்க வேண்டாம், எல்லாமே அச்சில் இருக்கிறது என்ற நினைப்பு. இந்த நினைப்பு இரண்டு இடங்களில் தவறுகிறது. முதலாவது, மொழி. தஞ்சை மராத்தியர் கால நிர்வாகத்தைப் படிக்க விரும்புபவருக்கு மோடி எழுத்து, அதாவது மராத்தியின் பழைய கையெழுத்து வடிவம், தெரிந்திருக்க வேண்டும். புதுச்சேரிக்குப் பிரெஞ்சு வேண்டும். 1845 வரை டென்மார்க்கின் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு டேனிஷும், அங்கிருந்த மிஷனரிகளின் கடிதங்களுக்கு ஜெர்மனும் வேண்டும். இரண்டாவது, இதைவிடப் பெரியது: காலம் நம்மை நெருங்க நெருங்கச் சான்றுகள் பெருகுகின்றன, ஆனால் அவற்றை எட்டும் வழி குறுகுகிறது. சோழர் காலக் கல்வெட்டைப் படிக்க எந்த அமைச்சகத்தின் அனுமதியும் தேவையில்லை. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரைப் பற்றிய அறிக்கைக்குத் தேவைப்படுகிறது.

'நவீன', 'சமகால' என்ற சொற்களின் எல்லை எங்கே என்பதிலேயே நாட்டுக்கு நாடு வழக்கம் வேறுபடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 1724இல் நவீன வரலாற்றுக்கெனப் பேராசிரியர் பதவி ஒன்று உருவாக்கப்பட்டபோது, ரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பிந்தைய அனைத்தும் ஏறத்தாழ அந்தச் சொல்லுக்குள் அடங்கின. இந்தியப் பாடத்திட்டங்களில் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, அதாவது பிளாசிப் போரோ கர்நாடகப் போர்களோ, தொடக்கப் புள்ளியாக வைக்கப்படுகிறது. சமகால வரலாற்றுக்கு ஓரளவு கூர்மையான வரையறை தந்தவர்கள் ஜெர்மானியர்கள். நாஜி ஆட்சி வீழ்ந்த நான்காண்டுகளில், 1949இல், அந்த ஆட்சியை ஆராய்வதற்காக மியூனிக்கில் ஒரு நிறுவனம் தோன்றியது. 1953இல் அதன் காலாண்டிதழின் முதல் இதழில் ஹான்ஸ் ரோத்ஃபெல்ஸ் என்ற வரலாற்றாசிரியர், உடன் வாழ்பவர்களின் காலமே சமகாலம் என்ற கருத்தை முன்வைத்து, அதன் தொடக்கத்தை 1917இல் வைத்தார். ரஷ்யப் புரட்சியும் முதல் உலகப் போரில் அமெரிக்கா நுழைந்ததும் அந்த ஆண்டில்தான்.

இந்த வரையறையின் அழகும் சிக்கலும் ஒன்றே. 1917ஐ நினைவில் வைத்திருப்பவர் ஏறத்தாழ எவரும் இன்று இல்லை. ஆக, ரோத்ஃபெல்ஸின் அளவுகோலின்படியே அவர் குறித்த ஆண்டு சமகாலத்திலிருந்து வெளியேறிவிட்டது. எல்லைக்கோடு ஆண்டுதோறும் நகர்கிறது. நடைமுறையில் இப்படிச் சொல்லலாம்: சாட்சிகள் உயிரோடு இருந்து கோப்புகள் பூட்டியிருக்கும் காலம் சமகாலம், கோப்புகள் திறந்து சாட்சிகள் மறைந்துவிட்ட காலம் நவீன காலம். இரண்டுக்கும் வெவ்வேறு கைப்பழக்கம் வேண்டும். ஒரே தாளில் இரண்டையும் அடைத்து, பதினைந்து வாரங்களில் முடித்துவிடும் பாடத்திட்டங்கள் இந்த வேறுபாட்டை மாணவர் கண்ணில் படாமல் செய்துவிடுகின்றன என்பது என் கருத்து.

முதலில் கோப்பைப் பார்ப்போம். எழும்பூர்க் காப்பகத்தின் செந்நிறக் கட்டடம் 1909இல் எழுந்தது. அங்குள்ள பதிவேடுகள் 1670 வரை பின்னோக்கிப் போகின்றன. 1911 முதல் அதன் பொறுப்பாளராக இருந்த ஹென்றி டாட்வெல், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஆங்கிலத்தில் வெளிவந்தபோது அதன் பிற்பகுதித் தொகுதிகளைப் பதிப்பித்தவர். 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதப்பட்ட அந்த நாட்குறிப்பு, கம்பெனி எழுத்தர்கள் தாம் ஒன்றுமே பார்க்காதது போல் எழுதிவைத்த காலத்தில், கடைத்தெரு வதந்தியையும் ஆளுநர் மாளிகைச் சண்டையையும் ஒருசேரப் பதிவு செய்தது. அத்தகைய தனியார் குறிப்பு அபூர்வம். மற்றபடி மாணவர் கையில் வருவது பெரும்பாலும் அரசாணைக் கோப்புதான்.

அரசாணைக் கோப்பை எங்கிருந்து படிப்பது என்று வகுப்பில் யாரும் சொல்லித்தருவதில்லை. கூடவே உட்கார்ந்திருக்கும் மூத்த ஆய்வாளர்தான் சொல்லித்தருவார். முடிவாக அச்சிடப்பட்ட ஆணை இரண்டு பத்தி இருக்கும். அதற்குப் பின்னால் ஆட்சியரின் கடிதம், தாசில்தாரின் அறிக்கை, ஊராரின் மனு, செயலகத்தில் ஒருவர் எழுதி மற்றொருவர் அடித்துத் திருத்திய குறிப்புகள் என்று அடுக்கடுக்காக இருக்கும். ஆணை ஒருமித்த குரலில் பேசும். குறிப்புகளில் சண்டை தெரியும். ஊர்ப் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை கேட்டு எழுதப்பட்ட மனு, மூன்று அதிகாரிகளின் கைமாறி 'உள்ளூர்த் தகராறு' என்ற இரண்டு சொற்களாகச் சுருங்குவதை ஒரே கோப்பில் பக்கம் பக்கமாகப் பார்த்தவர், அதற்குப் பிறகு அச்சிட்ட ஆணையை மட்டும் நம்பி எழுத மாட்டார். (வருவாய்த்துறைக் கோப்பென்றால் அந்தத் துறைக்கே உரிய பசலி ஆண்டுக் கணக்கும் வரும். பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1330 என்பது 1920-21. இந்தச் சின்னக் கணக்கில் ஓராண்டு பிசகினால் பஞ்சம் மழைக்கு முன்னால் வந்துவிடும்.)

கோப்புக்குள் ஒளிந்திருக்கும் ஆள் யார் என்ற கேள்விக்கு முதுகலை வகுப்புகளில் அடிக்கடி எடுத்துக்காட்டாக வருவது சௌரி சௌரா. 1922 பிப்ரவரி தொடக்கத்தில் கோரக்பூர் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் ஒரு கூட்டம் காவல் நிலையத்தைக் கொளுத்தியதில் இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் இறந்தார்கள். பிப்ரவரி 12இல் பர்தோலியில் காங்கிரஸ் செயற்குழு ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்திவைத்தது. பாடநூலில் சௌரி சௌரா அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். வழக்கில் 225 பேர் விசாரிக்கப்பட்டார்கள். 172 பேருக்கு அமர்வு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை 19 பேராகக் குறைத்தது. அன்று அங்கே என்ன நடந்தது என்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, மீர் ஷிகாரி என்ற ஒருவரின் வாக்குமூலத்திலிருந்து வருகிறது. அவர் அப்ரூவர். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, தானும் கூட்டத்தில் இருந்ததை ஒப்புக்கொண்டு, மற்றவர்களைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டிய நிலையில் இருந்தவர். அவர் பேசியது அவருடைய ஊர்ப் பேச்சில். பதிவானது நீதிமன்றத்துக்குத் தேவையான வரிசையில், தேவையான சொற்களில்.

வரலாற்றாசிரியர் ஷாஹித் அமீன் இந்த வழக்குத் தாள்களையும், அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அதே ஊரில் தண்டனை பெற்றோரின் குடும்பங்களிடம் கேட்டறிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. நீதிமன்றத்துக்கு யார் தீ வைத்தார் என்பது முக்கியம். தேசியவாதிகளுக்கு அது மறக்க வேண்டிய தவறு. குடும்பத்தினருக்கோ அன்று யார் என்ன உடுத்தியிருந்தார், யார் வீட்டில் சாப்பிட்டார், அதற்குப் பிறகு யார் திரும்பி வரவில்லை என்பதுதான் நினைவு. மாணவர் இங்கே கற்றுக்கொள்வது, மூன்றில் ஒன்றைத் தேர்ந்து மற்ற இரண்டையும் தள்ளிவிடுவதை அன்று. ஒவ்வொன்றும் எந்தத் தேவைக்காகச் சொல்லப்பட்டது என்று பிரித்தறிந்தபின், மூன்றையும் ஒரே கட்டுரைக்குள் நிற்கவைப்பதைத்தான். எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு சிரமமான வேலை என்று.

இதுவரை சொன்னது திறந்த கோப்புகளின் கதை. 1947க்குப் பின் வந்தால் நிலைமை வேறு. நெடுங்காலம் இந்தியப் பல்கலைக்கழகங்களில் அந்த ஆண்டு ஒரு மதில் போல நின்றது. அதற்கு இந்தப் பக்கம் வரலாற்றுத் துறை, அந்தப் பக்கம் அரசியல் அறிவியல் துறை. சென்னையில் பிறந்த சர்வபள்ளி கோபால் நேருவின் வாழ்க்கையை 1975 முதல் 1984 வரை மூன்று தொகுதிகளாக எழுதி அந்த மதிலைத் தாண்டினார் என்றால், மற்றவர்களுக்கு எளிதில் கிடைக்காத நேருவின் தாள்கள் அவருக்குக் கிடைத்ததும் ஒரு காரணம். இது அவர் புலமையைக் குறைத்துச் சொல்வது ஆகாது. ஆனால் சமகால வரலாற்றில் யாருக்கு அலமாரி திறக்கிறது என்பதும் ஆய்வின் ஒரு பகுதி என்பதை மாணவர் மறக்கக் கூடாது.

சட்டத்தில் வழி இருக்கிறது. மத்திய அரசுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் பொருந்தும் 1993ஆம் ஆண்டுப் பொதுப் பதிவேடுகள் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும், 25 ஆண்டுகள் கடந்த நிலையான மதிப்புள்ள கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று கருதுகின்றன. 1892க்கு முந்தைய எந்தப் பதிவேட்டையும், காப்பகப் பயன்பாட்டுக்கே உதவாதபடி சிதைந்திருந்தாலன்றி, அழிக்கக் கூடாது என்ற பிரிவும் அதில் உண்டு. அதற்குப் பிந்தையவற்றுக்கு அந்த முழுக் காப்பு கிடையாது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதை அந்தந்தத் துறையின் பதிவேட்டு அலுவலர் முடிவு செய்கிறார். சமகால வரலாற்றின் பெரும்பகுதி அந்த முடிவுகளில் ஓசையின்றிக் கழிந்துபோகிறது. 1962 சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்து ராணுவ அதிகாரிகள் ஹென்டர்சன் புரூக்ஸும் பகத்தும் 1963இல் தந்த அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. 2014இல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் ஏற்றியவர் நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர். ஆகவே அந்தப் போரைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர், கசிந்த ஆவணத்தைச் சான்றாகக் கொள்வதன் நெறிமுறை என்ன என்ற கேள்வியையும் சேர்த்துச் சுமக்கிறார்.

பிரிட்டனில் ஆவணங்களைத் திறக்கும் காலம் 1958இல் ஐம்பது ஆண்டுகளாகவும், 1967இல் முப்பதாகவும், 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் படிப்படியாக இருபதாகவும் குறைக்கப்பட்டது. அதனால் அங்கே எல்லாம் திறந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு 2011 ஒரு பாடம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கென்யாவில் எழுந்த மௌ மௌ கிளர்ச்சிக் காலத்தில் சிறைமுகாம்களில் சித்திரவதைக்கு உள்ளானவர்கள் லண்டனில் தொடுத்த வழக்கின்போது, முன்னாள் குடியேற்ற நாடுகள் 37இலிருந்து எடுத்துவரப்பட்ட சுமார் 8,800 கோப்புகள், பக்கிங்ஹாம்ஷயரில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில், எந்தப் பட்டியலிலும் சேராமல் வெளியுறவுத் துறையிடம் இருந்தது தெரியவந்தது. சுதந்திரம் கொடுப்பதற்கு முன், புதிய அரசின் கைக்குப் போகக் கூடாதவை எனப் பிரிக்கப்பட்டவை அவை. பிரிக்கப்பட்டவற்றில் பல எரிக்கப்பட்டன. எரித்தால் சாம்பலையும் நொறுக்க வேண்டும், கடலில் போட்டால் எடை கட்டி, நீரோட்டம் இல்லாத ஆழத்தில் போட வேண்டும் என்று அறிவுரைகள் இருந்தன. 2013 ஜூனில் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 கென்யர்களுக்காக 1.99 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. வழக்கில் நிபுணர் சாட்சிகளாக நின்றவர்கள் வரலாற்றாசிரியர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: கரோலின் எல்கின்ஸ், டேவிட் ஆண்டர்சன், ஹூ பென்னட். அதே குவியலில் இலங்கை, மலாயா தொடர்பான கோப்புகளும் இருந்தன. இப்போது லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம். மலாயாவின் அவசரநிலைக் காலத்தைப் படிக்கும் தமிழ் மாணவர் எவரும் அந்தப் பட்டியலைத் தவறவிடக் கூடாது.

கோப்பு பூட்டியிருக்கும்போது மனிதர்களிடம் கேட்கலாம் அல்லவா? கேட்கலாம், ஆனால் வாய்மொழி வரலாறு என்பது ஒலிப்பதிவுக் கருவியோடு போய்வருவது என்று எண்ணுபவர்கள் ஏமாறுவார்கள். இத்தாலியின் டெர்னி நகரில் லூய்ஜி டிராஸ்துல்லி என்ற இரும்பாலைத் தொழிலாளி 1949 மார்ச் 17இல், நேட்டோ எதிர்ப்பு ஆர்ப்பாட்டம் ஒன்றில் காவல்துறையினரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து வாய்மொழி வரலாற்றாசிரியர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்த்தெல்லி அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் பேசியபோது, பலர் அந்த மரணத்தை 1953இல், ஆயிரக்கணக்கானோரை ஆலை வேலைநீக்கம் செய்தபோது நடந்த போராட்டத்தில் நிகழ்ந்ததாக உறுதியோடு சொன்னார்கள். ஆண்டு தவறு, காரணமும் தவறு. பழைய வழக்கப்படி அந்த நேர்காணல்களை ஒதுக்கியிருக்கலாம். போர்த்தெல்லி அந்தத் தவறையே சான்றாக எடுத்துக்கொண்டார். தோழர் ஒருவரின் சாவு ஒரு சிறிய ஊர்வலத்தில் வீணாகப் போனதாக நினைவில் வைத்திருப்பது அவர்களால் தாங்க முடியாததாக இருந்தது; தங்கள் வாழ்வையே புரட்டிப்போட்ட போராட்டத்தில் அதைக் கொண்டுபோய் வைத்ததும் அந்தச் சாவுக்குப் பொருள் கிடைத்தது. எது நடந்தது என்று காவல்துறைக் கோப்பு சொல்லும். அது அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இந்தப் பிழைதான் சொல்கிறது.

நம் ஊரில் இந்த இரு வழிகளும் ஒருங்கே தேவைப்படும் இடம் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில், குடிசை ஒன்றுக்குள் தஞ்சமடைந்த தலித் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் வெளிப்பட்ட கருத்து. இந்தத் தீர்ப்பை மாணவர் எப்படிப் படிப்பது? சட்ட ஆவணமாகப் படித்தால் ஒரு வழக்கின் முடிவு. சமூக வரலாற்றின் சான்றாகப் படித்தால், 1973இல் சொத்தும் சாதியும் ஒருவருடைய நம்பகத்தன்மையை எப்படி நிர்ணயித்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான எழுத்து கிடைப்பது அரிது. இதோடு சட்டமன்ற விவாதங்கள், கட்சிப் பத்திரிகைகள், கூலி குறித்த அரசுக் குறிப்புகள், உயிர் பிழைத்தவர்களின் பேச்சு ஆகியவற்றை வைக்க வேண்டும். பிழைத்தவர்கள் ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு டிசம்பரிலும் வருகிறவர்களிடம் அதே கதையைச் சொல்லிச் சொல்லி, அவர்கள் சொல்லும் முறையே நினைவேந்தல் கூட்டங்களின் அமைப்பைப் பெற்றிருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். போய் உட்கார்ந்ததும் ஒலிப்பதிவை இயக்காமல், விளைச்சலையும் கூலி நெல் அளந்த மரக்காலையும் பற்றி இரண்டு நாள் பேசுபவருக்கு வேறு வகையான பதில்கள் கிடைக்கும்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். நேரம்தான் இப்போது குறைந்திருக்கிறது. முன்பு முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவில் எம்.ஃபில். என்ற படி இருந்தது. தரத்தில் ஏற்றத்தாழ்வு இருந்தாலும், மாணவர் முதன்முதலில் காப்பகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து தவறு செய்து திருந்தியது அங்கேதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்டதால், அந்தப் பயிற்சியை முதுகலையின் நான்காம் பருவத்து ஆய்வேட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டிய நிலை. நான்கு மாதத்தில் முடிக்க வேண்டிய அந்த ஆய்வேட்டுக்கு 'தமிழகத்தில் விடுதலை இயக்கம்' என்று தலைப்பு வைப்பவர் நூல்களைத் தொகுத்து எழுதத்தான் முடியும். ஒரு நகராட்சியின் பத்தாண்டுத் தீர்மானப் புத்தகம், ஓர் ஆலைத் தொழிற்சங்கத்தின் கணக்கேடு, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கைகள் என்று கைக்கு அடங்குவதை எடுப்பவர் தம் பேராசிரியருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. அரசுக் கோப்பு இல்லாத இடத்தில் துண்டறிக்கைக்கும் திருமண அழைப்புக்கும் உள்ள மதிப்பு, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிலைபெறச் செய்த அந்தச் சேகரிப்பு இல்லாமல் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுப் பண்பாட்டை எழுதுவது கடினம்.

இன்று முதுகலையில் சேரும் மாணவர்கள் பெரும்பாலும் 2000க்குப் பின் பிறந்தவர்கள். அவர்கள் குழந்தைகளாக இருந்த 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. நிவாரணம், மறுகுடியமர்வு, மீனவர் குப்பங்களைக் கடற்கரையிலிருந்து தள்ளிவைத்த முடிவுகள் குறித்த மத்திய அரசின் கோப்புகளுக்கு 25 ஆண்டுக் கணக்குப் போட்டால் 2030 ஆகிவிடும். அதற்குப் பிறகும் அவை முழுதாக வந்துசேரும் என்பதற்கு உறுதியில்லை. அன்று நாற்பது வயதில் கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்தவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. மறுகுடியமர்வில் எந்த வீடு யாருக்கு ஒதுக்கப்பட்டது, எந்தக் குடும்பத்தின் பெயர் பட்டியலில் விடுபட்டது, அதைச் சேர்க்க யாரிடம் எத்தனை முறை போனார்கள் என்பதை அவர் இன்னும் தேதியோடு சொல்லக்கூடும், ரசீதைக்கூட எடுத்துக் காட்டக்கூடும்.